ரேடியத் தண்ணியும் எங்கள் மூச்சும்

முதலில் வந்தது பல்வலிதான். ஆம்பூரில் ஒருத்தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினான். பிடுங்கிய இடம் ஆறவே இல்லை, மாசக்கணக்கில் சீழ். அடுத்த பல்லும் ஆட ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் அரண்டுபோய் என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றினார். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனேன். தின்னத்தான் வாய் வலிக்கும், திட்ட வலிக்காது எனக்கு.

அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. நம்மைப்போலவே தமிழ் பேசினார். என்ன மருந்து குடிக்கிறாய் என்று கேட்டார். பையிலிருந்து ரேடியத் தண்ணி பாட்டிலை எடுத்து நீட்டினேன், பெருமையாகத்தான். யார் வீட்டில் இருந்தது அப்படி ஒரு சீமைச் சரக்கு?

என் வீட்டுக்காரருக்குத் தோல் மண்டி. பதனிட்ட ஆட்டுத்தோலைக் கப்பலில் சீமைக்கு அனுப்புவார். அங்கே தோல் வாங்குகிற துரை, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் தெம்பு வரும் என்று பெட்டி பெட்டியாக அனுப்பிய தண்ணி அது. தினமும் அவருக்கு ஒரு பாட்டில், எனக்கு ஒரு பாட்டில். விஷ ஜுரத்தில் விழுந்து எழுந்து நான் குச்சியாகக் கிடந்த நேரம். சும்மா சொல்லக்கூடாது, குடித்த புதிதில் நிஜமாகவே தெம்பு வந்தது. என் சத்தம் மறுபடி தெருக்கோடி வரை கேட்டது.

டாக்டரம்மா பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எவ்வளவு காலமா இதைக் குடிக்கிறே?"

"ரெண்டு வருஷமா. இவரும்தான் குடிக்கிறாரு."

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ரேடியம் உடம்புக்குள் போனால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த இடத்தை அரிக்கும். அதிலிருந்து ஒரு வாயு ஓயாமல் கிளம்பி மூச்சோடு வெளியே வரும். ஊதச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். "இன்னியோட நிறுத்திடு. அடுத்த வாரம் ரெண்டு பேரும் வாங்க."

உட்கார்ந்ததை எடுக்க மருந்து உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அந்த வாரம் எப்படிப் போனதோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். கண்ணாடி எதிரே வாயைத் திறந்து திறந்து பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போனார். "இன்னாங்க இப்போ? ரெண்டு பேரும் ஒரே தண்ணியத்தானே குடிச்சோம். போனா சேர்ந்தே போவோம்" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார்.

மறுபடி வேலூர். மேஜைமேல் சின்னதாக ஒரு தகரப் பெட்டி. அதில் ஒரு கண்ணாடிச் சன்னல், உள்ளே தங்கத் தகட்டில் மெல்லிசாக ஒரு இலை. புற்றுக்கட்டிக்கு வைக்கிற ரேடியம் ஊசி எங்காவது தொலைந்தால் தேடுவதற்கு வைத்திருந்த கருவியாம். ஒரு கோலைக் கம்பளியில் தேய்த்து டாக்டரம்மா பெட்டியைத் தொட்டதும் அந்த இலை விலகி நின்றது. மூச்சில் வாயு இருந்தால் இலை தாழும், இல்லையென்றால் நின்றபடி நிற்கும்.

"எனக்கு எதுக்கு? அவளுக்கு மட்டும் பாருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏன், உசுருன்னா உங்களுக்கு மட்டும் வெல்லமா? நீங்கதான் முதல்ல ஊதணும்."

ஊதினார். குழாய் வழியாக மூச்சு, ஈரத்தை உறிஞ்சும் மருந்து போட்ட சீசாவைத் தாண்டிப் பெட்டிக்குள் போனது. காத்திருந்தோம். இலை அசையவில்லை. டாக்டரம்மா நேரம் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். இலை நின்றபடி நின்றது.

அல்ஹம்துலில்லாஹ்! எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவருக்கு இல்லையென்றால் எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? துப்பட்டியை விலக்கிவிட்டுத் தைரியமாக ஊதினேன்.

இலை இறங்கியது. என் கண்ணெதிரே, மெள்ள மெள்ள, படுத்தே விட்டது.

"பெட்டி கெட்டுப்போச்சு" என்றேன். டாக்டரம்மா காற்றை மாற்றி, கோலைத் தேய்த்து மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் படுத்தது.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "உண்மையச் சொல்லுங்க. நீங்க அந்தத் தண்ணியக் குடிச்சீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "இல்லீங்க. என் பாட்டிலையும் இவ பால்லயே கலந்துட்டேன். உடம்பு ரொம்பத் தளந்து போயிருந்தா. ஜாஸ்தி போனா சீக்கிரம் தேறுவான்னு..."

திட்ட வாயெடுத்தேன். இருபது வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பாவி மனுஷன்! என்மேல் அவ்வளவு பிரியம்.

அவர் எழுந்து மேஜைக்குப் போனார். "இன்னொரு தரம் பாருங்கம்மா" என்று குழாயை வாயில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, கோலைத் தேய்த்து இலையை நிறுத்தினார். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் வழிய அவர் ஊதினார். நிறுத்தி, மூச்சு வாங்கி மறுபடி ஊதினார். இலை இறங்கவே இல்லை.