நல்ல தண்ணி

போத்தலில் ஒட்டிய சீட்டில் அக்காவின் எழுத்து: "வேலணைக் குளம், நன்னீர் விரால், 1989 மாசி." மூடியைத் திறந்தவுடன் எழுந்த, மீன் கெடாமலிருக்க ஊற்றிய போர்மலின் நெடி என்னை அந்தக் கரைக்கே கொண்டுபோனது. புகையிலைக்குப் பூச்சிமருந்தடித்த வாளிகளை அலசும் சத்தமும், குடங்கள் மோதும் சத்தமும் அங்கே ஒன்றாகவே கேட்கும். மீன் ஆராய்ச்சி செய்த அக்கா, வயிறு வெளுத்து மிதந்த விரால்களை அள்ளிவந்து, "அம்மா, அது நல்ல தண்ணியில்லை, குடிக்க ஏலாது" என்றார்.

அம்மா ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். "படிச்சுப் படிச்சு நாக்குச் செத்துப்போச்சே உனக்கு? உப்புக் கரிக்கேல்லை!"

எங்கள் தீவில் உப்பில்லாததெல்லாம் நல்ல தண்ணிதான். தம்பியும் அதையே குடித்தான். பங்குனியில் வாந்தியெடுத்தே செத்தான். அடுத்த வருடம் போரில் ஊரே இடம்பெயர்ந்தது, குளமும் தூர்ந்துபோனது. அவனைக் கொன்றது அந்தத் தண்ணியா என்று எவரும் சோதிக்கவில்லை. எனக்கு இன்றும் தெரியாது.