மூன்று நாளில் வீட்டுக்கு வந்த அட்டை

பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். யார் எந்தத் தாளை நீட்டினாலும் முதலில் நீட்டுகிறவரின் முகத்தைப் பார்ப்பேன், அப்புறம்தான் தாள். இறந்து ஆறு மாதமான மனிதர் போட்ட கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரே தகப்பனுக்கு மூன்று வெவ்வேறு தேதிகளில் மரணச் சான்றிதழ் வந்ததையும் பார்த்திருக்கிறேன். "கர்த்தர் நேர்ல வந்தாலும் நீ ஆதார் கார்டு கேப்ப" என்பாள் என் அக்கா.

அக்கா நெய்யூரில் நர்சிங் படித்தவள். ஓமான் நாட்டில் சலாலா என்ற ஊரில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் தக்கலைக்குத் திரும்பி வந்தாள். அத்தனை வருடத்திலும் அந்த ஊரை அவள் சரியாகப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி பஸ், குவார்ட்டர்ஸ், வெள்ளிக்கிழமை ஆராதனை, மறுபடி ஆஸ்பத்திரி பஸ். மழைக்காலத்தில் அங்கே மலை பச்சையாகும், சனமெல்லாம் வண்டி எடுத்துக்கொண்டு மேலே போகும். இவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் மத்தியானம் கிழங்கும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஏட்டி, ஒரு தடவ அங்க போயிட்டு வருவோமா? வண்டி வாடகைக்குக் கிட்டும். நீ ஓட்டு. நான் வழி சொல்லுதேன்."

"இருபத்திரெண்டு வருசம் ஆஸ்பத்திரி பஸ்ஸில போனவளுக்கு என்ன வழி தெரியும்?"

"தெரியாத வழியத்தான் பாக்கணும்."

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் போய் எட்டு வருடம். தடுக்க ஆளில்லாததால் சம்மதித்துவிட்டேன்.

சிக்கல் என் லைசென்சில் இருந்தது. இனிஷியல் பாஸ்போர்ட்டில் பின்னாலும் லைசென்சில் முன்னாலும் இருந்தது. எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது, வெளிநாட்டில் ஓட்டத் தனியாக ஒரு சர்வதேசப் பெர்மிட் வேண்டும், அதன் வடிவத்தையும் மாற்றிவிட்டார்கள் என்றெல்லாம் காதில் விழுந்தது. விதி மாறும் ஒவ்வொரு தடவையும் அதை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் அலுவலக வாசலில் வந்து நிற்பான் என்பது எனக்குத் தெரியும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனபோதும் அப்படித்தான் ஒருவன் மரத்தடியில் பைல் கட்டோடு நின்றான். கவுண்டரில் இருந்த பெண்ணோ நிமிர்ந்து பார்க்காமல், "ஆன்லைன்ல போட்டுட்டு, பாஸ்போர்ட், விசா காப்பியோட வாங்க" என்றாள். நிமிர்ந்து பார்க்காதவளையும் நம்பவில்லை, மரத்தடியில் சிரித்தவனையும் நம்பவில்லை. வந்துவிட்டேன்.

நம்பியது ஒரே ஒருவரைத்தான். எனக்கு நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல்காரர். எங்கள் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருவார்.

"அங்க போனா அலைய விடுவாவ தங்கச்சி" என்றார். "இது இன்டர்நேஷனல். ஆன்லைன்ல போட்டா மூணு நாள்ல வீட்டுக்கு வரும். இனிஷியல் முன்னால இருக்கா பின்னால இருக்காண்ணு ஆரும் கேக்கமாட்டாவ."

"அசல்தானா அண்ணே?"

"நான் உனக்கு டூப்ளிகேட்டு தருவனா?"

மூன்றாம் நாள் கூரியரில் வந்தது. ஆதார் அட்டை அளவு, பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் அட்டை. கூடவே பல மொழிகளில் அச்சிட்ட ஒரு மடக்குத் தாள். வெளிச்சத்தில் சாய்த்தால் உலக உருண்டை மின்னியது. பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். பிறந்த தேதி சரி. படம் சரி. ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுவே கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் போனோம். சலாலாவில் தூறல். தென்னையும் வாழையும் பார்த்து, விமானம் திரும்பி நம்ம ஊருக்கே வந்துவிட்டதோ என்று அக்கா சிரித்தாள். தங்கும் விடுதிக்குப் பக்கத்தில் கார் வாடகைக்குக் கொடுக்கும் கடை. கவுண்டரில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். என் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே கொண்டுபோய் யாரிடமோ காட்டிவிட்டு வந்தார். மறுபடி பார்த்தார்.

"இவனுக்க முழி சரியில்ல" என்றேன் அக்காவிடம் மெதுவாக.

"எனக்க முழி பிறந்ததில இருந்தே இப்பிடித்தான் அக்கா" என்றார் அவர். "எனக்கு கருங்கல் பக்கம்."

கருங்கல் எங்கள் தக்கலைக்குப் பக்கத்து ஊர். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வெட்கத்தைவிடச் சந்தேகம்தான் கூடியது. நம்ம ஊர் பேச்சைக் காட்டித்தான் முதலில் நம்ப வைப்பார்கள்.

"இந்த அட்டைக்கு வண்டி தர முடியாது" என்றார். "இது செல்லாது. இதுல உங்களுக்க லைசென்ஸ் நம்பரே இல்ல, பாத்தியளா? நம்ம ஆர்.டி.ஓ. குடுக்கது புஸ்தகம் மாதிரி இருக்கும். இது எந்த கவர்மென்டும் குடுத்ததில்ல."

"அப்ப என்ன செய்யணும்?"

"டிரைவர் வேணுமெங்கி ஏற்பாடு பண்ணித் தாறேன்."

அதுதானே! அட்டை செல்லாது என்று பயங்காட்டி டிரைவரைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தெருக்கோடியில் இன்னொரு கடை. அங்கே இருந்த இளைஞன் எந்த ஊர்க்காரன் என்று தெரியவில்லை. அட்டையை ஒரு பார்வை பார்த்தான். "நோ பிராப்ளம்" என்றான். பாஸ்போர்ட்டை நகல் எடுத்தான், ஒப்பந்தத்தை நீட்டி, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பேனாவால் குறி போட்டான். ஒரு வெள்ளைக் காரைத் துடைக்க ஆள் போயாயிற்று.

வாசிக்காமல் கையெழுத்து போட என்னால் முடியாது. உட்கார்ந்து வாசித்தேன். நான்கு பக்கம், எறும்பு எழுத்து. அவன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றாம் பக்கத்தில் அது இருந்தது: ஓட்டுகிறவரின் உரிமம் செல்லத்தக்கதாக இல்லையென்றால் இன்சூரன்ஸ் கிடையாது, என்ன நடந்தாலும் எடுத்தவர் பொறுப்பு.

அட்டையை அவன் முன்னால் வைத்து, இது செல்லுமா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நோ பிராப்ளம், மேடம். நோ பிராப்ளம்."

எங்கள் அலுவலகத்திலும் போலிப் பத்திரம் கொண்டுவருகிறவர்கள் இப்படித்தான். ஒன்றும் பிரச்சினை இல்லை என்று இரண்டு தடவை சொல்வார்கள். பேனாவை மூடி வைத்தேன். அட்டையை எடுத்து அப்போதுதான் அதைப் பத்திரத்தைப் போலப் பார்த்தேன். கொடுத்தது யார்? ஏதோ ஒரு சங்கம், கேள்விப்படாத நாட்டில் ஒரு தபால் பெட்டி எண். என் லைசென்ஸ் நம்பர் எங்கேயும் இல்லை. எழுதிக் கொடுத்தவர் யார், அவருக்கு அதற்கு உரிமை உண்டா என்பதுதான் நாங்கள் முதலில் பார்ப்பது. முப்பது வருடம் மற்றவர்களுக்குச் செய்ததை எனக்கு நான் செய்யவில்லை. பெயரையும் மின்னுகிற உருண்டையையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

டிரைவர் கேட்கக் கருங்கல்காரரிடம் அக்காவை அனுப்பினேன். நான் வாசலிலேயே நின்றேன்.

டிரைவர் யாரும் கிடைக்காமல், விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை அவரே வந்தார். முன் சீட்டில் அக்கா. பின்னால் நான், போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வண்டி சுற்றுவழியில் போகிறதா என்று பார்த்தபடி. அக்காவின் பழைய குவார்ட்டர்ஸ் இருந்த இடம் கார் நிறுத்துமிடம் ஆகியிருந்தது. இறங்கி ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். "நல்லவேள, கரப்பான் பூச்சியெல்லாம் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

மலை ஏறும்போது, மூடுபனி தொடங்கிய இடத்தில் கேட்டேன். "அட்டையப் பாத்ததுமே எப்பிடி கண்டுபிடிச்சிய?"

அவர் சாலையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு வருசம் முன்ன இதே மாதிரி ஒண்ணு கொண்டு வந்தான், நம்ம ஊருக்காரன்தான். நம்ம ஆளாச்சேண்ணு குடுத்தேன். இந்த மஞ்சுல ஒட்டகத்துல கொண்டு முட்டினான். அவனுக்கு கால் போச்சு. குடுத்தது நான்தானே? கேஸ் முடியது வர ஊருக்குப் போக முடியல்ல. அப்பாவுக்க அடக்கத்த வீடியோ காலிலதான் பாத்தேன்."

அதன்பிறகு வரைபடத்தை மூடிவிட்டேன் என்று எழுத ஆசைதான். மூடவில்லை. ஒலியை மட்டும் குறைத்தேன். மேலே போனபோது மூடுபனி வண்டியின் முகப்பு வரை வந்திருந்தது. அக்கா பார்க்க விரும்பிய மலையின் அந்தப் பக்கம் முழுதும் வெள்ளையாக இருந்தது.

ஊருக்கு வந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் டிரைவிங் ஸ்கூல்காரரை வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டேன். அட்டையைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஒருத்தன் சொன்னான், நான் உனக்குச் சொன்னேன். எனக்கு என்ன தெரியும் தங்கச்சி?" என்றார். முகம் உண்மையாகவே வாடித்தான் இருந்தது. நான் மனம் இறங்கப் போகும் நேரத்தில் கேட்டார், "வேற ஆருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாண்டாம்."

அவரும் ஏமாந்தவரா, தெரிந்தே கொடுத்தவரா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, அன்று சாயங்காலமே சபையில் வெளிநாடு போகிற நான்கு குடும்பங்களுக்கு நானே போன் செய்து சொன்னேன். ஒரு குடும்பம் அந்த அட்டையை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது.

அந்த மலையைப் பார்க்க இந்த வருடம் மறுபடி விசா எடுத்தோம். ஆன்லைனில் போட்டு, இனிஷியலைத் திருத்தி, காப்பிகளோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனேன். அதே பெண், அதே நிமிராத தலை. நாலு நாளில் புத்தகம் கையில் வந்தது. மங்கலான மேலட்டை, மின்னுகிற உருண்டை எதுவும் இல்லை. உள்ளே என் லைசென்ஸ் நம்பர். அதில் இருந்த கியூ.ஆர். குறியை அங்கேயே போனில் ஸ்கேன் செய்து பார்த்தேன். நிமிராத பெண் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"எங்கள நம்பல்லியா?"

"பழக்கம் மக்கா" என்றேன்.

சலாலாவில் கருங்கல்காரர் புத்தகத்தைப் பார்த்ததும் சாவியை எடுத்தார். வண்டியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கீறலையும் டயரையும் கண்ணாடியையும் நான் வீடியோ எடுத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் போனை வெளியே எடுத்து, வண்டியைப் படம் பிடிக்கிற என்னைப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் கையெழுத்து போட்டோம். அக்கா முன் சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டாள். இந்த ஊரில் வலதுபுறமாகவே போக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வண்டியை மெதுவாகச் சாலைக்கு எடுத்தேன்.