யூனுஸ் பாய் எடுக்காத அளவு

என் வீட்டுக்காரர் யூனுஸுக்குத் தொழிலில் ஒரே ஒரு பிடிவாதம். ஆள் முன்னால் நின்று அளவு கொடுக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டார். கோட்டைமேட்டில் முப்பத்தோரு வருடமாகத் தையல் கடை. பழைய பேண்ட்டைக் கொண்டுவந்து, "இதே அளவுல தெச்சுப்போடுங்க பாய்" என்று யாராவது சொன்னால், "போன வருசத்து இடுப்பா இப்ப இருக்குது?" என்று டேப்போடு எழுந்துவிடுவார். கல்யாண மாப்பிள்ளையையே திருப்பி அனுப்பிய மனுஷர். அதே கடையில் காஜா எடுத்து, பட்டன் தைத்து, வருகிறவர்களிடம் வாயும் கொடுப்பவள் நான். சாயிரா பானுவின் வாய் எங்கள் வீதிக்கே தெரியும்.

அந்தப் பிடிவாதத்தை ஒரே ஒரு முறை விட்டார். விட வைத்தவள் நான்.

போன மாதம் வியாபாரிகள் சங்கச் செயலாளர் கோவிந்தராஜுலு துணியோடு வந்தார். அன்னூர்க்காரர் அபிலாஷ், ராணுவ வீரர். எல்லையில் கண்ணிவெடி வெடித்து இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். சங்கம் அவர் மனைவிக்குத் தையல் மிஷின் கொடுக்கிறது, பிள்ளையின் படிப்பையும் ஏற்றுக்கொள்கிறது. விழாவில் போட்டுக்கொள்ள அவருக்கு ஒரு பேண்ட், சட்டை.

"கூலியெல்லாம் வேண்டாமுங்க. அளவுக்கு நானே அன்னூர் போய்ட்டு வாரேன்" என்றார் இவர்.

செயலாளர் போனதும் நான் ஆரம்பித்தேன். "ஏனுங்க, கால் போன மனுசன் முன்னால டேப்பப் புடிச்சுட்டு நிப்பீங்களா? பாவமுங்க. அவர் பழைய துணிய வாங்கியாரச் சொல்லித் தெச்சுப்போடுங்க. அந்தப் பக்கம் முழங்காலோட மடிச்சு அடிச்சிருங்க. தொங்கிட்டுக் கெடந்தா சங்கடப்படுவாரு."

பெரிய இரக்கம் எனக்கு! இவரும் தலையாட்டிவிட்டார். பேண்ட்டின் இடது காலைப் பாதியில் வெட்டி, நேர்த்தியாக மூடித் தைத்துக் கொடுத்தனுப்பினார். வெட்டியதில் சாம்பல் நிறத் துணி மிஞ்சியது. மிச்சத் துணி தையல்காரருக்குத்தான் என்பது எங்கள் தொழில் வழக்கம். நல்ல துணியாயிற்றே என்று எனக்கொரு கைப்பை தைத்து ஆணியில் மாட்டிக்கொண்டேன்.

விழா அன்று காலை, அப்போதுதான் கடையைப் பெருக்கி முடித்திருந்தேன். இளைஞர் ஒருவர் ஷூவோடு உள்ளே ஏறினார். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"ஏனுங்க தம்பி, செருப்ப வெளிய உடச் சொல்லி இத்தன பெருசா எழுதிப் போட்டிருக்குதே, கண்ணு தெரியலீங்களா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது ஷூவை மட்டும் கழற்றினார். "இந்தப் பக்கம் கழட்டுனா நிக்க வராதுங்க அக்கா. செயற்கைக் கால், ஷூ உயரத்துக்குத்தான் செட் பண்ணியிருக்குது." பிறகு கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். நாங்கள் தைத்த பேண்ட்.

யா அல்லாஹ்! யாரைத் திட்டினேன் என்று அப்போதுதான் புரிந்தது. குனிந்து அவர் ஷூவை எடுத்து நானே கால் பக்கத்தில் வைத்தேன். நிமிர்ந்து முகம் பார்க்க முடியவில்லை.

"பாய், எட்டு மாசமா நடந்து பழகியிருக்கறனுங்க" என்றார் அபிலாஷ். "இன்னைக்கு மேடைல யார் கையும் புடிக்காம ஏறோணும், எம் பொண்ணு பாக்கோணும். பழசப் போட்டுட்டே போயிருப்பேன். தெச்சுக் குடுத்த உங்க மனசு நொந்துபோயிருமேன்னுதான் வந்தேன். ஏதாச்சும் பண்ண முடியுமுங்களா?"

அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் மனசு நோகக் கூடாதாம்!

யூனுஸ் டேப்பை எடுத்து அவர் முன்னால் மண்டியிட்டார்.

"ரெண்டு காலுக்கும் ஒரே அளவுதானுங்க பாய். முப்பத்தொம்பது."

இவர் இரண்டையும் அளந்தார். "அளவு சரி. துணிதான்..." என்று இழுத்தார். மிச்சத் துணி எங்கே தொங்குகிறது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஆணிப் பக்கம் திரும்பவே இல்லை. என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார்.

நானே எழுந்து பையை எடுத்தேன். மூக்குக் கண்ணாடி, போன், சீப்பு எல்லாவற்றையும் மேஜையில் கொட்டிவிட்டு, அபிலாஷ் பார்க்கப் பார்க்க ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். இவர் முழங்காலுக்குக் கீழே துணியை இணைத்து, தேய்த்துக் கொடுத்தார்.

சாயங்காலம் மேடைக்கு ஐந்து படி. அபிலாஷ் யார் கையும் பிடிக்காமல் ஏறினார். "எங்கப்பா!" என்று அவர் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். கூட்டம் எழுந்து கை தட்டியது. அதோடு விட்டிருக்கலாம். கூலி வாங்காமல் தைத்த நல்ல உள்ளங்கள் என்று கோவிந்தராஜுலு மைக்கில் எங்களையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். முள் மேல் நிற்பதுபோல நின்றேன்.

பக்கத்தில் நின்ற அபிலாஷ் மெல்லச் சொன்னார்: "என்னால உங்க பை போச்சுங்களே, அக்கா."

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார்.