பக்கத்துப் பக்கத்தில் சிவப்பும் பச்சையும்

தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பதை நான் விளையாட்டாகத்தான் கண்டுபிடித்தேன். தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த காலம். நிறக்குருட்டுப் பாடத்துக்காக, வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் பரிசோதனைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். அம்மாகூட எண்களைப் படபடவென்று சொன்னாள். யார் கண்ணுக்கும் தெரிகிற முதல் பக்கத்து எண்ணைத் தம்பி சொன்னான். மற்றப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, "வெறும் புள்ளிதானே கீது" என்றான்.

அரசு பஸ் டிரைவர் வேலைக்கு எல்லாத் தேர்விலும் அவன் தேறியிருந்தான். கண் பரிசோதனை மட்டும் பாக்கி. அதற்கும் ஒரு வாரம்தான் இருந்தது.

இருபத்து நான்கு வயது வரை ஒரு வீட்டில் இது தெரியாமல் போகுமா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் போகும். கோயில் பக்கத்தில் எங்களுக்குப் பூக்கடை. அவன் கதம்பம் கட்டினால் கனகாம்பரமும் மருக்கொழுந்தும் இடம் மாறாது. விரலாலும் மூக்காலும் பிரித்தெடுத்துக் கட்டுவான். "எம் புள்ள கண்ண மூடினே கட்டுவான்" என்று அம்மா வாடிக்கைக்காரர்களிடம் பெருமையடிப்பாள். நாங்களும் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

அம்மாவிடம் பூச்சரத்தை வைத்தே விளக்கினேன். கண்ணில் ஒளியை வாங்கும் நிறமிகளின் மரபணுக்கள் ஒரு குடும்பம். ஆதியில் ஒன்றாக இருந்தது, நகலாகி நகலாகிப் பெருகியது. மங்கல் வெளிச்சத்துக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு நகலும் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டது. கடைசியாகப் பிரிந்தவை சிவப்பும் பச்சையும். நம் குரங்கு மூதாதையர் காலத்தில்தான் பிரிந்தன. அதனால் இன்னும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கின்றன, அதுவும் மரபணுச் சரத்தில் இரண்டு பூக்கள்போலப் பக்கத்துப் பக்கத்தில். தாயின் கருமுட்டை உருவாகும்போது இரண்டு சரங்கள் பக்கத்தில் படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். பூக்கள் ஒன்றுபோல இருப்பதால் சில சமயம் ஒரு பூ தள்ளிப் பொருந்திவிடும். ஒரு சரத்தில் ஒன்று கூடும், மற்றதில் ஒன்று குறையும். குறைந்த சரம் எந்தத் தலைமுறையிலோ நம் வீட்டுக்குள் வந்து, தாய்வழியாக இவனிடம் சேர்ந்திருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு சரம் இருப்பதால் ஒன்றில் குறைந்தாலும் மற்றது ஈடுகட்டிவிடும்; ஆணுக்கு இருப்பதோ ஒரே சரம்.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அதெல்லாம் சரி. அந்தப் புக்க ஒரு வாரம் வூட்லயே வை. அவன் மனப்பாடம் பண்ணிக்கட்டும்."

ஓர் ஆசிரியைக்கு இதைவிடக் கேவலமான வகுப்பு வாய்க்காது. நான் அதை நன்றாகவே நடத்தினேன். சரத்தில் எத்தனை பூவுக்கு ஒரு பச்சை என்று மனதில் வைத்திருப்பானே, அதே போல எண்களை வரிசையாகக் கோத்துக்கொண்டான். மூன்றாம் நாளே தடுமாறாமல் ஒப்பித்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பரிசோதனை வேலூரில். பதற்றத்தில் மறந்துவிடுவானோ என்று நானும் கூடப் போனேன். பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்தோம். வேங்கிக்கால் தாண்டி ஒரு சிறுபாலத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. பாதிச் சாலைதான் திறந்திருந்தது. ஒருவர் சிவப்பு, பச்சை என இரண்டு துணிக்கொடிகளை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்து வண்டிகளையும் அந்தப் பக்கத்து வண்டிகளையும் மாற்றி மாற்றி விட்டார். எங்களுக்கு முன்னால் நின்ற லாரி கிளம்பிப் போனது. உடனே அவர் கொடியை மாற்றித் தூக்கினார். எங்கள் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"அவரு ஏன் போகாம நிக்கிறாரு?" என்றான் தம்பி.

"என்னா கொடி அது?"

"பச்சதான். லாரி போச்சே."

தூக்கியிருந்தது சிவப்பு. சொல்லி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்து எங்களை உரசுகிற மாதிரி கடந்தது. ஜன்னலோரம் ஒரு பெண் குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். வேலூர் வரை எனக்கு அந்த முகம்தான் தெரிந்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து உதடு அசைய எண்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மருத்துவமனையில் அவன் முறை வந்தது. கதவு திறந்தேதான் இருந்தது. டாக்டர் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். என் கால்கள் தானாக உள்ளே போயின.

"டாக்டர், பின்பக்கத்திலிருந்து காட்டுங்க" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். தம்பியும் திரும்பிப் பார்த்தான். டாக்டர் புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். தம்பி அந்தப் பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. திரும்பும்போது வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. என் கல்யாணத்துக்கு மாலை அவன் கட்டியதுதான். ஆனால் அதை வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினான். செய்தது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். தெரிந்து என்ன, வீட்டில் "அக்கா" என்ற சொல்லே இல்லாமல் போனது.

எட்டு ஆண்டுகள் கழித்து என் மகன் ஒன்றாம் வகுப்பில் இருந்தான். மரம் வரைந்து, இலைகளுக்கெல்லாம் செங்கல் நிறம் அடித்துக் கொண்டுவந்தான். 'கவனம் தேவை' என்று ஆசிரியை எழுதி அனுப்பியிருந்தார். பச்சையை எடு என்றேன். மறுபடியும் செங்கல் நிறத்தையே எடுத்தான். எனக்குத் திமிர்தான் என்று பட்டது. கையில் பட்டென்று ஓர் அடி வைத்தேன்.

கிருத்திகைக்குப் பூ கொடுக்க வந்த தம்பி அப்போது வாசலில் நின்றிருந்தான். வழக்கமாகக் கூடையை வைத்துவிட்டு அப்போது என்னோடு இருந்த அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போய்விடுவான். அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மகன் கையிலிருந்த வண்ணக்குச்சியை வாங்கினான். பெட்டியிலிருந்த பச்சைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் வெகுநேரம் பார்த்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வருஷா வருஷம் அறுபது பேருக்கு இதே பாடத்தை நடத்துகிறவள் நான். குறைந்த சரம் என்னிடமும் இருக்கலாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

"அடிக்காதக்கா" என்றான் தம்பி. "அந்தப் புக்கு இன்னும் வச்சினு கீறியா?"

இருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.

"எட்த்துனு வா. பின்பக்கத்திலர்ந்து காட்டு."