பாதியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்

வியாழக்கிழமை காலை உக்கடத்தில் கிணத்துக்கடவு பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ரங்கசாமியின் மைத்துனர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மச்சான் தவறிட்டாருங்க, நேத்தே எடுத்துட்டமுங்க" என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் பஸ் போய்விட்டது. மில் ஆஸ்பத்திரியின் பதிவறையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் இப்படி அரைகுறையாகத்தான் தகவல் வந்திருக்கும்.

அவர் வருமுன், மில் நம்பர் வரிசையில் அடுக்கிய நோயாளி அட்டைகளில் நாம் ஒன்றைத் தேடிய லட்சணம் நினைவிருக்கிறதா? ஒருவரே நீளப் பெட்டியை நடுவில் பிரித்து, பாதியை ஒதுக்கி, மீதியை மறுபடி பிரித்து, யாராவது கூப்பிட்டால் விட்ட இடம் மறந்து முதலிலிருந்து ஆரம்பிப்போம். ரங்கசாமி நம்மை வரிசையாக உட்கார வைத்தார். எல்லாருக்கும் ஒரே வேலை. நடு அட்டையின் எண்ணைப் பார்க்க வேண்டும். அது தேடும் எண் இல்லையென்றால், அந்த எண் இருக்கவேண்டிய பாதியை மட்டும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். "முழுப் பெட்டியவும் யாரும் மனசுல சுமக்க வேண்டாமுங்க. கையில ஒண்ணுமே மிஞ்சலீன்னா இல்லீன்னு சொல்லிப்போடுங்க" என்பார். கட்டு போன வழியே பதில் அவரிடம் திரும்பி வரும். "ஏனுங்க, பந்தியில சாம்பார் வாளி நவுத்தற மாதிரியில்ல இருக்குதுங்க!" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

பிறகுதான் நூற்புப் பகுதியில் வேலை செய்த அந்தப் பெண்ணை மயக்கத்தில் தூக்கி வந்தார்கள். கூட வந்தவர்களுக்கு அவளுடைய மில் நம்பர் மட்டுமே தெரியும். ஊசி போடுமுன் டாக்டர் பழைய அட்டையைக் கேட்டனுப்பினார். கட்டு கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தபோது ஒரே ஓர் அட்டை இருந்தது, அது அவளுடையதல்ல. "இல்லீங்க" என்றேன். அந்தச் சொல் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனது. ரங்கசாமி டாக்டர் அனுப்பிய சீட்டில் 'அட்டை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புது நோயாளி என்று நினைத்து பெனிசிலின் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அவள் இறந்துபோனாள்.

மூன்று நாள் அவர் பெட்டியின் முதல் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கோ வேறு எண்களுக்கு நடுவே அது கிடைத்தது. மேலே சிவப்பு மையில், பெனிசிலின் ஆகாது என்று எழுதியிருந்தது. "யாருங்க இதை இங்க வெச்சது?" என்றார். நாம் அவரவர் வேலைக்குத் திரும்பினோம். விசாரணையில், "வரிசை சரியா இருக்குதான்னு பாக்காம இந்த முறையக் கொண்டாந்தது நானுங்க. தப்பு என்னுதுங்க" என்று சொல்லிவிட்டார். அவரைப் பஞ்சு கோடவுனுக்கு மாற்றினார்கள். பிறகு வழியில் பார்த்தாலும், "சௌக்கியமுங்களா?" என்று அவர்தான் முதலில் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். மனுஷன் நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்.

உங்களுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவளைத் தூக்கி வருவதற்கு முந்தின வாரம் அந்த அட்டையை டாக்டர் மேசையிலிருந்து எடுத்து வந்து, டீக்கு நேரமாகிவிட்டதென்று கைக்கு வந்த இடத்தில் செருகியவன் நான். அவர் ஓய்வு பெற்றுக் கிணத்துக்கடவுக்குப் போன பிறகும், பஸ் ஏறிப் போய் அவரிடம் சொல்ல எனக்குப் பத்து வருஷம் இருந்தது; போகவில்லை. அவர் விட்டுப்போனதில் எனக்குச் சேரவேண்டியது இந்தப் பழி ஒன்றுதான். எடுத்துக்கொள்கிறேன், ரங்கசாமி.