பூசையில் கிழக்கே பார்த்து வைத்த ரேடியோ

நான் ரேடியோவில் பாடியிருக்கிறேன். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். ‘சரி சரி, பாடியிருப்பாய்’ என்கிற சிரிப்பு. அதைக் கண்டால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓர் ஆயுத பூசையன்று என் பெரியப்பா அப்படித்தான் சிரித்தார்.

எங்கள் வீடு மலைமேல் கொட்டச்சேட்டில், காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளில் ஒன்று. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் அந்த எஸ்டேட்டில்தான் வேலை. அந்த வருடம் வானொலி நிலையத்துக்காரர்கள் மலையேறி வந்து, எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனார்கள். நான் மயிலைப் பற்றிப் பாடினேன். ஆயுத பூசை விடுமுறையன்று சாயங்காலம், சிறுவர் நிகழ்ச்சியில் அது வரும் என்று டீச்சர் சொன்னார். அப்பா சும்மா இருந்திருக்கலாம். காப்பிக் காட்டு வேலைக்குப் போகிற வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். ஆகவே பாட்டு வந்தே தீர வேண்டும். வராவிட்டால் நான் பொய்க்காரி.

அக்கம்பக்கத்தில் ஓடுகிற ரேடியோ எங்களுடையது ஒன்றுதான். செங்கல் நீளத்துக்கு ஒரு டிரான்சிஸ்டர். அம்மா அதை எப்போதும் அடுப்படியைப் பார்க்க, தெற்கு முகமாகத்தான் பலகையில் வைப்பாள். வேறு பக்கம் திருப்பினால் பாட்டு தேய்ந்து வெறும் இரைச்சலாகிவிடும். ஏன் அப்படி என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. சில மாடு ஒரு பக்கம் நின்றால்தான் பால் கறக்கும், அது போல இதற்கும் ஒரு குணம் என்று விட்டுவிட்டோம்.

பூசைக்குப் பெரியப்பா சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்பாவின் அண்ணன். பட்டறையில் வேலை பார்ப்பவர். ஆயுத பூசை என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி, மண்வெட்டி, அம்மாவின் காப்பிப் பழக்கூடை, என் புத்தகங்கள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைக்கச் சொன்னவர், பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்ப்பா, ரேடியோவ உட்டுப்போட்டியே! அதயுங் கொண்டா. எல்லாங் கெழக்க பாத்து இருக்கோணும்.”

ரேடியோவுக்கு நெற்றி நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம், தலைக்கு மேல் ஒரு துண்டுச் சாமந்தி. கற்பூரம் காட்டி, பொரி கடலை கொடுத்து முடித்தாயிற்று. பூசையில் வைத்த பொருளை மறுநாள் காலையில் மறுபூசை போடும் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. என் பாட்டோ அன்று சாயங்காலம்.

அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டதும் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். ரேடியோவைப் போடலாமாம், ஆனால் இருந்த இடத்தை விட்டு அசைக்கக் கூடாதாம். குமிழைத் திருகலாம், பெட்டியைத் திருப்பக் கூடாது! எந்தச் சாமி வந்து இவர் காதில் சொன்னதோ!

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். பெரியப்பா தாமே குமிழைத் திருகினார். கரகரவென்று இரைச்சல். ஏரியலை முழுக்க இழுத்து நிமிர்த்தினார். அதில் ஒரு செம்புக் கம்பியைக் கட்டி ஜன்னல் வழியாகத் துணி காயப்போடும் கொடி வரைக்கும் கொண்டுபோனார். பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். தட்டலாம், அதற்கு மட்டும் தோஷம் கிடையாது போல! இரைச்சல் கூடியதே தவிர ஒரு சொல்கூட வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: “ஏனுங்க, மயிலு தோகைய விரிக்கிற சத்தமுங்களா இது?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே கத்தினேன். “பெரியப்பா, அம்மா வெக்கிற மாதிரி தெக்க பாத்து வையுங்க! அப்பத்தாம் பாடும்!”

“பூசையில வெச்சத அசைச்சா ஊட்டுக்கு ஆகாது கண்ணு” என்றார் அவர். பிறகு கூட்டத்தைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தார். “உடுங்கப்பா. சின்னப்புள்ள, ஆசைக்கு ஒரு பொய் சொல்லிப்போடுச்சு.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னிக்கிறாராம்! செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அடுப்படி வாசலில் நின்று ரேடியோவையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து எனக்காக ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை.

அப்புறம் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பூசை முன்னால் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தப்பா நெனைக்காதீங்க மாமா” என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, சந்தனமும் சாமந்தியுமாக இருந்த ரேடியோவை அப்படியே தெற்கே திருப்பினாள்.

என் குரல் வந்தது. கடைசி இரண்டு வரிதான். உடனே அறிவிப்பாளர் என் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னார். பெரியப்பா எழுந்தார். “பூசையில வெச்சத அசைச்சுப்போட்டியே! இனி இந்த ஊட்டுக்கு என்னென்ன வருமோ” என்று சொல்லி, சாப்பிடாமலே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு அவர் போனது பெரிதாகப் படவில்லை. முழுப்பாட்டும் போய்விட்டதே! “முன்னாலயே திருப்பியிருந்தா என்னம்மா?” என்று அம்மாவோடு சண்டை போட்டு, அவள் ஊட்டிய சோற்றைத் தட்டிவிட்டேன்.

அந்த வருடம் மிளகு பறிக்க ஏறிய அப்பா ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அத்தைக்கு வந்த வரன் தட்டிப்போனது. எங்கள் ஆடு ஒன்று செத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். “பூசப்பொருள அசைச்சவ” என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள், கல்யாண வீடுகளில் அம்மாவின் காதுபடவே பேசினார்கள். ஒரு பெட்டியைக் கால்வட்டம் திருப்பியதற்கு இத்தனை தண்டனையா? அம்மா ஒருவரிடமும் எதிர்த்துப் பேசியதில்லை.

பிறகு நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். ஒருநாள் ஆசிரியர் ஒரு பழைய டிரான்சிஸ்டரைத் திறந்து காட்டினார். உள்ளே பெட்டியின் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கம்பி, பென்சில் தடிமன். ஃபெரைட் என்றார். அதன் மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருந்தது. மத்திய அலைக்கு இதுதான் ஏரியலாம். வெளியே பளபளவென்று நீட்டிக்கொண்டிருப்பது சிற்றலைக்கு, மத்திய அலைக்கு அதனால் பிரயோசனமில்லையாம். அந்தக் கறுப்புக் கம்பி நிலையத்துக்குக் குறுக்காகப் படுத்திருந்தால், வருகிற அலையின் காந்தப் புலம் அதன் நீளவாக்கில் திரண்டு ஓடிச் சுருளுக்குள் புகும். கம்பியின் நுனி நிலையத்தை நோக்கினாலோ, புலம் குறுக்கே கடந்து போய்விடும், சுருளுக்கு ஒன்றும் கிடைக்காது. சொல்லிக்கொண்டே அவர் ஓடுகிற ரேடியோவைத் திருப்பினார். பாட்டு தேய்ந்து செத்தது.

எங்கள் நிலையமும் மத்திய அலைதான், தெற்கே சமவெளியில். கிழக்கே முகம் வைத்த பெட்டிக்குள் கம்பியின் நுனி நேராகத் தெற்கே நீட்டியிருக்கிறது! “அடப் பெரியப்பா!” என்று நான் கத்தியதில் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். ஒரு காகிதத்தில் படம் போட்டு, கம்பி, சுருள், நிலையம் எல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். நீ செய்ததுதான் சரி, வா, எல்லோரிடமும் போய்ச் சொல்லலாம் என்று குதித்தேன். அவள் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“தெக்க பாத்து வெச்சாப் பாடுமுன்னு எனக்குந் தெரியுஞ் சாமி. அசைச்சா காலத்துக்கும் பேச்சு வாங்கோணுமுன்னுந் தெரியும். ரெண்டயும் ரோசன பண்ணிக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள உம்பட பாட்டு முடியப்போச்சு.”

சோற்றைத் தட்டிவிட்ட அன்று, அந்த இரண்டில் முதலாவது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.