ஆமா சொல்லும் ஹேமலதா

ஹேமலதாவின் காதுபட ‘கூடாது’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. சுள்ளென்று கோபம் வந்துவிடும். வராமல் என்ன செய்யும்? முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நாடகம் என்றதும் அப்பா கூடாது என்றார். மில் மூடிய வருஷம் காலேஜ் கூடாது என்றார்கள். கட்டிக்கொண்டு போன வீட்டில் வாசலில் நிற்பது, உரக்கச் சிரிப்பது இரண்டுமே கூடாது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்கு வந்தாள். அங்கேதான் வாய்விட்டுச் சிரிக்கப் பழகினாள்.

நாற்பது வயதுக்கு மேல் ஒரு பயிற்சி முகாமில் உடனடி நாடகத்தைப் பார்த்தாள். எழுதிவைத்த வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. கூட்டத்திலிருந்து யாராவது ஒரு தலைப்பு கொடுப்பார்கள், அதை வைத்து அந்த இடத்திலேயே ஆட வேண்டும். விதி ஒன்றுதான். எதிரில் நிற்பவர் எதைச் சொன்னாலும் ‘ஆமா’ என்று ஏற்றுக்கொண்டு, ‘அப்புறம்’ என்று மேலே கொண்டுபோக வேண்டும். நீ ராஜா என்றால் ராஜா, கழுதை என்றால் கழுதை. மறுக்கிற பேச்சே இல்லாத ஓர் இடம் இந்த உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் அழுதுவிட்டாளாம். என்னிடம் அவளே சொன்னாள். அப்படித்தான் எங்கள் ‘ஆமா குழு’ பிறந்தது. அதில் விளக்குப் போடுவதும் ஃபேன் ரிப்பேர் பார்ப்பதும் என் வேலை.

முதலில் ஒரு மாடியில் நடத்தினோம். காலேஜ் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களும் வந்தார்கள், பாதிப் பேச்சு இங்கிலீஷில். ஒருநாள் ராஜாங்கம் என்பவர் சக்கர நாற்காலியில் வந்து படிக்கட்டைப் பார்த்தார். மேலே கேட்ட சிரிப்பைக் கீழேயிருந்தே கொஞ்சநேரம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்த ஹேமலதா அடுத்த மாதமே மாடியைக் காலி செய்தாள். மில் தொழிலாளர் சங்கத்தின் பழைய கூடத்தைக் கெஞ்சி வாங்கினாள். வாசலில் பலகையால் சரிவு போட்டாள், ராஜாங்கம் அதில் ஏறி வந்து குழுவில் சேர்ந்தார். காது மந்தமானவர்களுக்கு முன்வரிசை, ஆட்டம் தமிழில்தான், கட்டணம் கிடையாது என்றாள். மீன் விற்கிற பெண்கள் வியாபாரம் முடித்துக் குளித்துவிட்டு வர வேண்டுமே என்று ஞாயிறு காலை ஆட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினாள். பழைய ஆட்கள் சிலர் முணுமுணுத்துக்கொண்டே நின்றுவிட்டார்கள். போகட்டுமே, யாருக்கு நஷ்டம்?

அப்படி வந்தவள்தான் வைத்திக்குப்பத்து அஞ்சம்மாள். ஹேமலதா வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். வாய் என்றால் அப்படியொரு வாய். அவள் பேரம் பேசுகிற ஜோரைப் பார்த்து ஹேமலதாவே ஆசைப்பட்டுக் கூப்பிட்டாள்.

“அக்கா, இந்த வாயக் கொண்டாந்து எங்க மேடையில வையேன்.”

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா.”

“எங்களுக்கும் வசனம் தெரியாதுக்கா.”

வந்தாள். முதல் நாள் ஒரு பெண் மூக்கைச் சுளித்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஹேமலதா தன் நாற்காலியை இழுத்துவந்து அஞ்சம்மாளை ஒட்டிப் போட்டாள். அதற்கப்புறம் அஞ்சம்மாள் ஆடுகிறாள் என்றால் கூடத்தில் நிற்க இடமிருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வானம் சரியில்லை. பொட்டுக் காற்று இல்லை. கூடத்துச் சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செல்போனில் செய்தி வந்தது. கார்த்திகை மாதத்தில் வருஷா வருஷம் ஏற்றுவதுதானே என்று விளக்கைப் போட்டேன்.

ஹேமலதா தலைப்பு கேட்டாள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் உற்சாகமாகக் கத்தினார்: “கரைக்கு வராத படகு!”

முதலில் காதில் விழுவதுதான் தலைப்பு என்பது ஹேமலதா வைத்த வழக்கம். மேடையில் அஞ்சம்மாளும் ராஜாங்கமும் இருந்தார்கள். அஞ்சம்மாளின் மகன் சிலம்பரசன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் போய் சில நாள் ஆகியிருந்தது. அது எங்களில் யாருக்கும் தெரியாது. ஆள் கடலில் இருக்கும்போது ‘வரல’ என்ற பேச்சையே அவள் வீட்டில் எடுக்க மாட்டார்கள் என்பதும் தெரியாது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறோம், அவ்வளவுதான்.

ராஜாங்கம் துறைமுக அதிகாரியாக மாறிக் குரலைத் தாழ்த்தினார். “அம்மா, உங்க பையன் போன படகு இன்னும் வரலியே.”

அஞ்சம்மாள் முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அவள் ஹேமலதாவைத் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். மேடைக்குப் புதிதாக வந்து பயப்படுகிற எல்லோருக்கும் சொல்வதையே ஹேமலதா அவளுக்கும் சிரித்த முகத்தோடு சொன்னாள்.

“ஆமா சொல்லுக்கா. பயப்படாத.”

“ஆமா,” என்றாள் அஞ்சம்மாள். பிறகு, “வரல.”

அத்தோடு கீழே இறங்கிவிட்டாள். டீ கொடுத்தோம், வாங்கவில்லை. பலகைச் சரிவில் நின்று ஒரு தடவை திரும்பினாள். “எம் புள்ள கடல்ல இருக்கான் ஹேமா,” என்றாள். ஹேமலதாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

அன்று ராத்திரி புயல் கரையைக் கடந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு படகு தவிர மற்ற படகெல்லாம் துறைமுகத்துக்கு வந்துவிட்டன.

ஹேமலதா எங்களைக் கூடத்துக்கு வரச்சொன்னாள். கண் வீங்கியிருந்தது. “இனிமே யார் வேணா, எப்ப வேணா கையத் தூக்கலாம். தூக்கினா ஆட்டம் அங்கியே நின்னுடணும். ஏன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது,” என்றாள். அவள் வாயிலிருந்து ‘கூடாது’ என்ற சொல் வந்து நான் அதுவரை கேட்டதில்லை. ராஜாங்கம் தேம்பித் தேம்பி அழுதார். “வாசல்ல பலகை போட்டப்பவே இதையும் போட்டிருக்கணும்மா,” என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஹேமலதாவை வண்டியில் வைத்திக்குப்பத்துக்குக் கூட்டிப்போனேன். படகுகளை ரோடு வரைக்கும் இழுத்துப் போட்டிருந்தார்கள். கடல் சேறு கலக்கிவிட்டது போலக் கிடந்தது. அஞ்சம்மாள் மணலில் உட்கார்ந்திருந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள், தூற்றட்டும் என்றுதான் ஹேமலதா போனாள். அஞ்சம்மாளோ நகர்ந்து இடம் விட்டாள்.

“ஒக்காரு.”

நான் பின்னால் நின்றேன். ஹேமலதா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அஞ்சம்மாள் கடலைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“அதோ வருது பாரு ஹேமா, எம் புள்ள படகு.”

பார்த்தேன். தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. ஹேமலதாவும் பார்த்தாள். அவள் கையைத் தூக்கியிருக்கலாம், அவள் கொண்டுவந்த விதிதான். கை மடியிலேயே கிடந்தது.

“ஆமாக்கா,” என்றாள்.

“அப்புறம்?”

“அப்புறம்... கயிறு வீசுறான்க்கா.”

“ஆமா. அப்புறம்?”

“எறங்கி வர்றான்க்கா. தொப்பலா நனைஞ்சிருக்கான். சோறு இருக்கான்னு கேக்குறான்.”

“ஆமா,” என்றாள் அஞ்சம்மாள், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்புறம்?”

அங்கே நிற்க முடியாமல் வண்டிப் பக்கம் வந்துவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. படகைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. மருந்துக்கடை முதலாளி ஹேமலதா எங்கே என்று காலையிலும் போன் செய்தார். கரையில் இருக்கிறாள் என்று சொன்னேன்.